சுடலையில் ஒலித்த தனிக்குரல்

மாண்டவர் மீள்வதில்லை, ஆனால், மாண்டவரின் குரல் சில வேளைகளில் மீண்டு வருவதுண்டு. எதிர்பாராத நாளொன்றில், படலையடியில் வந்து நின்று பெயர் சொல்லி அழைப்பதைப் போல, அது நம்மை அழைக்கும். அத்தகைய ஒரு குரலைப் பற்றியே இங்கு எழுதப் புகுகின்றோம்.

எங்கள் அயலில் வாழ்ந்த முதியவர் ஒருவர் காலமானார். காங்கேசன்துறையைப் பிறப்பிடமாகக் கொண்டவர் அவர். 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டபோது, வலிகாமம் வடக்கு மக்களோடு மக்களாக ஊரை விட்டுப் புறப்பட்டவர். முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியைகள் நிறைவேறின. வீடு திரும்பி, மதியபோசனம் முடிந்து, உற்றார் ஒவ்வொருவராக விடைபெற்றுச் சென்ற பின்னர், அவருடைய பழைய றங்குப்பெட்டியைப் பிள்ளைகள் திறந்தனர். உள்ளே காணி உறுதிகளும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களும் இருந்தன. அவற்றோடு சேர்த்து, அதே துணியில் சுற்றப்பட்டு, ஓர் ஒலிநாடாவும் இருந்தது.

ஊரை விட்டு ஓடும் மனிதன் கையில் எடுத்துக்கொள்ளும் பொருள்கள் மிகச் சில. வீட்டையும் கிணற்றையும் மாமரத்தையும் தூக்கிச் செல்ல இயலாது. அவற்றுக்கு ஈடாகவே உறுதிக் கடதாசியை எடுத்துச் செல்கின்றான். அந்தக் கடதாசிக்குச் சமமாக ஒரு பாட்டையும் அவர் வைத்துக் காத்திருக்கின்றார் என்பது எங்களுக்கு வியப்பாக இருந்தது.

ஒலிநாடாவை இயக்கும் பழைய கருவியொன்று அயல்வீட்டிலே கிடைத்தது. முதலில் மழை பெய்வது போன்ற இரைச்சல். அதன் அடியில் ஆர்மோனியத்தின் ஒற்றைச் சுரம். எங்கோ தூரத்தில் ஒரு குழந்தை அழுவதும், யாரோ இருமுவதும் கேட்டன. ஏதோ ஒரு கோயில் வீதியில் கூடியிருந்த சனத்தின் ஒலி அது. பிறகு, ஒரு மனிதன் தன்னந்தனியாகப் பாடத் தொடங்கினான். கூடத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண்களின் கைகள் நின்றன.

பல்கலைக்கழகத்திற் பயிலும் பேரன் ஆச்சியை நோக்கிக் கேட்டான்: “ஆச்சி, இது ஆற்றை குரல்?”

ஆச்சி உடனே பதில் சொல்லவில்லை. பாட்டின் அடியொன்று முடியும் வரை பொறுத்திருந்து சொன்னார்: “உது வைரமுத்துவின்ரை குரலல்லோ, மோனை.”

நடிகமணி

இன்றைய மாணவரில் பலர் இப்பெயரைக் கேள்விப்பட்டிருக்கலாம். குரலைக் கேட்டவர் மிகச் சிலர். நடிகமணி வி. வி. வைரமுத்து 1924ஆம் ஆண்டிற் பிறந்து, 1989 யூலை மாதத்தில் மறைந்தவர். காங்கேசன்துறை வசந்த கான சபாவின் உயிர்நாடியாக விளங்கியவர். யாழ்ப்பாணத்து இசை நாடக மேடையில் அவருக்கு நிகரான புகழை எய்தியவர் வேறெவருமில்லை என்று சொன்னால் அது மிகையாகாது.

இசை நாடகம் நம் நாட்டில் வேரூன்றிய வரலாறு சுவையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தென்னிந்திய நாடகக் குழுக்கள் கடல் கடந்து யாழ்ப்பாணம் வந்து, கொட்டகையிட்டு நடித்தன. சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்த நாடகங்களும் பாடல்களும் இவ்வாறு இங்கு பரவின. நாளடைவில் நம்மவரே வேடந்தரித்து, நம்மவரே ஆர்மோனியமும் மிருதங்கமும் வாசித்து, கோயிற் றிருவிழாக்களில் விடிய விடிய நடிக்கலாயினர். பாயும் தலையணையுமாகக் குடும்பத்தோடு சென்று, கச்சான் கொறித்தபடி பெற்றோமாக்ஸ் வெளிச்சத்திலே நாடகம் பார்த்த தலைமுறையை நினைவுகூர்வோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர்.

கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் கொழும்பு நாடக மேடையிலே சந்தித்தவர்கள் என்பதை இங்கு நினைத்துப் பார்க்கலாம். கிட்டப்பா 1933ஆம் ஆண்டில் இருபத்தேழாவது வயதிலே இறந்துபோனார். சுந்தராம்பாள் அன்று பூண்ட வெள்ளைச் சேலையை இறுதிவரை மாற்றவில்லை. கணவன் போன பின்பும் அவன் குரல் மட்டும் ஊரூராக இசைத்தட்டுகளிற் பாடிக்கொண்டிருந்ததை அந்த அம்மையார் எவ்வாறு கேட்டிருப்பார்! அந்த மரபிலே, நமது மண்ணில் எழுந்த பெருங்குரலே வைரமுத்துவின் குரல்.

பக்த நந்தனார், சத்தியவான் சாவித்திரி எனப் பல நாடகங்களில் அவர் நடித்தார். ஆயினும், அவர் பெயரோடு பிரிக்கவொண்ணாதபடி ஒட்டிக்கொண்டது ‘மயான காண்டம்’. அரிச்சந்திரன் கதையின் இறுதிப் பகுதி அது. ஆயிரக்கணக்கான தடவை அந்நாடகம் மேடையேறியது. கதை தெரியாத ஒருவரும் அவையில் இருந்திருக்க முடியாது. எனினும் மறுமுறையும் மறுமுறையும் மக்கள் சென்றனர். எதற்காக? கதைக்காக அன்று, அந்தக் குரலுக்காக.

அழ இயலாதவனின் துயரம்

இளைய வாசகர்களுக்காகக் கதையைச் சுருங்கச் சொல்வோம். அயோத்தி மன்னன் அரிச்சந்திரன், பொய் உரைப்பதில்லை என்ற ஒரே விரதத்துக்காக நாட்டை இழக்கின்றான். விசுவாமித்திர முனிவருக்குப் பட்ட கடனைத் தீர்க்கக் காசி நகரில் மனைவி சந்திரமதியையும் மகனையும் விற்கின்றான். ஈற்றில் தன்னையும் விற்று, சுடலை காக்கும் அடிமை ஆகின்றான். பாம்பு கடித்து இறந்த மகனை நள்ளிரவில் தாய் சுமந்து வருகின்றாள். பிணம் சுடுவதற்குரிய காற்பணமும் முழத்துண்டும் தந்தாலன்றி இங்கே எரிக்க இடமில்லை என்று காவற்காரன் தடுக்கின்றான். இருளில் ஒருவரையொருவர் அறியவில்லை. பணமில்லை என்று அவள் கதற, கழுத்திலுள்ள தாலியை விற்றுவரச் சொல்கின்றான் அவன். கணவன் ஒருவன் கண்ணுக்கே புலப்படும் தாலி அது. அந்தச் சொல்லாலேயே இருவரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்கின்றனர். அறிந்த பின்பும் என்ன செய்கின்றான்? தந்தையாகக் கதறுகின்றான், ஆனால், எசமானுக்குரிய பணத்தை விட்டுக்கொடுக்க மறுக்கின்றான்.

இக்கதையின் வலிமை பெரிது. சிறுவராயிருந்தபோது அரிச்சந்திர நாடகம் பார்த்துத் தமக்குள்ளே எண்ணற்ற முறை அதை நடித்துப் பார்த்ததாகக் காந்தியடிகள் தமது சுயசரிதையிலே கூறியுள்ளார். 1913ஆம் ஆண்டில் வெளிவந்த இந்தியாவின் முதல் முழுநீளத் திரைப்படமும் அரிச்சந்திரன் கதையே.

அந்த ஒலிநாடாவில் நாங்கள் கேட்டது, சந்திரமதி வருவதற்கு முன்னர், அரிச்சந்திரன் சுடலையிலே தனியே நின்று பாடும் பகுதி. அவனுக்கு இன்னும் மகன் இறந்தது தெரியாது. சுற்றிலும் எரியும் பிணங்கள், கையிலே தடி, நடுச்சாமம். அவன் அழவில்லை. கடமையில் நிற்பவன் அழ இயலாது. அழுகை தொண்டை வரை வந்து, அங்கே தடுக்கப்பட்டு, இசையாக மாறி வெளிவருகின்றது. சோகத்தைப் பாடுவோர் பலர் குரலை நடுங்கவிட்டு, விம்மி, நம்மை வலிந்து அழவைப்பர். வைரமுத்துவின் வழி அதுவன்று. உச்சத்தில் ஒரு சுரத்தைத் தொட்டு, அதை அலங்கரியாமல், நேர்கோடு போல நிறுத்திவிடுகின்றார். பிறகு ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் நமது நெஞ்சு நிலைகொள்ளாமற் றவிக்கின்றது. அவர் அழாத அழுகையை நாமல்லவா அழவேண்டியதாகின்றது!

விருத்தம் என்னும் வித்தை

இது விருத்தம் பாடும் கலை. மாணவர்கள் இதன் அமைப்பை அறிந்துகொள்ளுதல் நன்று. கீர்த்தனைக்குத் தாளம் உண்டு. அத்தாளம் பாடகனைத் தாங்கியும் செல்லும், இழுத்தும் செல்லும். விருத்தத்துக்குத் தாளம் இல்லை. மிருதங்கம் வாய்மூடிக் காத்திருக்கும். ஆர்மோனியம் சுருதியைப் பிடித்துக்கொண்டு, பாடகன் சென்ற வழியில் நிழல்போலப் பின்தொடரும். எந்தச் சொல்லில் நிற்பது, எந்தச் சொல்லை மீண்டும் எடுத்துப் பாடுவது, எங்கே மூச்சை விடுவது என்பதெல்லாம் பாடுபவன் அந்தக் கணத்தில் எடுக்கும் முடிவு. ஆகவே, ஒரே பாடலை நூறு இரவு பாடினும் நூறும் வேறு வேறாக இருக்கும். துணையற்று நிற்கும் மனிதனின் நிலையைச் சொல்ல, துணையற்று நிற்கும் இந்த இசையைவிடப் பொருத்தமான வடிவம் வேறு உண்டோ?

ஒலிபெருக்கி வருவதற்கு முன்னரே உருவான கலை இது. வீதியின் கடைசி மூலையில் பாயிற் படுத்திருக்கும் கிழவியின் காதுக்கும் சொல் தெளிவாகச் சென்று சேரவேண்டும். அதனால் மேடைப் பாடகர் உயர்ந்த சுருதியிலே பாடினர். சொல்லைச் சிதைத்தல் பெருங்குற்றமாகக் கருதப்பட்டது. ஒலிநாடா தேய்ந்து இரைச்சல் மிகுந்திருந்தபோதிலும், எங்களுக்கு ஒரு சொல்கூடத் தவறவில்லை.

பெண்களைச் சுடலைக்கு அழைத்துச் சென்றவர்

பாட்டைக் கேட்டிருந்த ஆச்சி அன்று ஒரு வார்த்தை சொன்னார். இக்கட்டுரையை எழுதத் தூண்டியதே அந்த வார்த்தைதான்.

“நாங்கள் பொம்பிளையள் சுடலைக்குப் போறேல்லை, மோனை. என்ரை முதற்பிள்ளை செத்தபோதும் நான் படலையோடை நின்றிட்டன். வைரமுத்துதான் எங்களைச் சுடலைக்குக் கூட்டிக்கொண்டு போனவர்.”

எவ்வளவு பெரிய உண்மை! நமது வழக்கத்தில், வீட்டிலே ஒப்பாரி வைத்து அழும் பெண்கள் படலையைத் தாண்டிப் போவதில்லை. பிணத்தைத் தூக்கிச் சென்ற பின்னர் அங்கே என்ன நடக்கின்றது என்பதைத் தாய் அறியாள், மனைவி அறியாள். தாம் பெற்ற பிள்ளையை இறுதியாக எங்கே கிடத்தினார்கள், நெருப்பு எவ்வாறு மூண்டது என்பதெல்லாம் மனத்துக்குள்ளேயே கிடந்து வருத்தும் கேள்விகள். மயான காண்டம் நடக்கும் இரவிலோ, கோயில் வீதியே சுடலையாகிவிடுகின்றது. சந்திரமதி என்ற ஒரு தாய், பிள்ளையைத் தன் கையிலேயே ஏந்தி அங்கே வருகின்றாள். அக்காலத்தில் அவ்வேடத்தையும் ஆண்களே தாங்கினர். எனினும் அதைப் பார்த்து அழுதவர்கள் உண்மைத் தாய்மார். படலையோடு நின்றுபோன துயரம் அந்த ஓரிரவிலாவது தன் இறுதி எல்லை வரை சென்று திரும்பியது.

பொழுதுபோக்கு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் நாடகம், ஊருக்கு இத்தகைய பணியையும் ஆற்றியிருக்கின்றது. ஒருவன் தனியே பாடினான். ஆனால், ஆயிரம் பேரின் தனிமையை அவன் பாடினான்.

வெளியே நின்றவர்கள்

வைரமுத்து புகழ்பெற நடித்த மற்றொரு பாத்திரம் நந்தனார். அரிச்சந்திரன் சுடலையிலே நிற்கின்றான். நந்தன் கோயிலுக்கு வெளியே நிற்கின்றான். இருவரும் ஊர் ஒதுக்கி வைத்த இடத்தில் நிற்பவர்கள். ஒருவன் அரசனாயிருந்து அந்த இடத்துக்கு இறங்கியவன். மற்றவன் அங்கேயே பிறந்தவன். காங்கேசன்துறைக்கு அண்மையிலுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் முன்றிலில், 1968ஆம் ஆண்டிலே, உள்ளே செல்ல உரிமை வேண்டி மக்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர் என்பதை நம் வரலாறு அறியும். அத்தகைய காலத்தில், அத்தகைய அயலில், நந்தனின் ஏக்கத்தை மேடையில் பாடுவதென்றால் அது பழங்கதையாக மட்டும் ஒலித்திருக்குமா? கேட்டவர் மனச்சாட்சியையும் அது தொட்டிருக்கும் அன்றோ?

நெய்தல் நிலத்தின் பண்

காங்கேசன்துறை கடலோர ஊர். துறைமுகமும் வெளிச்சவீடும், 1950ஆம் ஆண்டிலே தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலையும், வடபகுதிப் புகையிரதப் பாதையின் கடைசி நிலையமும் அங்கே இருந்தன. ஐந்திணை வகுத்த நம் முன்னோர் கடலும் கடல் சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாக்கினர். விளரி என்ற இரங்கற்பண்ணையும் அந்நிலத்தோடு சேர்த்தே பேசினர். அலை கரைக்கு வந்து, எதையோ சொல்ல முயன்று, சொல்லாமலே திரும்பிப் போவதைப் பார்த்து வளர்ந்தவர்க்கு இரங்கல் என்பது புத்தகத்திற் படித்தறியவேண்டிய பொருளன்று.

நடிகமணி மறைந்தது 1989இல். அதற்கு அடுத்த ஆண்டிலே அவருடைய ஊரே வெறுமையாயிற்று. வீடுகளும் கோயில்களும் வயல்களும் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டன. புகையிரதம் நின்றது, 2015ஆம் ஆண்டு சனவரியிலேதான் அது காங்கேசன்துறைக்கு மீண்டும் ஓடிற்று. ஊரவர் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் அயல்நாடுகளிலும் சிதறினர். நாட்டை இழந்து, வீட்டை இழந்து, பெற்ற பிள்ளையையும் இழந்த மன்னனின் பாட்டை ஒரு காலத்திலே பாயில் இருந்து கேட்டவர்கள், பின்னர் அதே பாட்டைத் தம் சொந்தக் கதையாகக் கேட்கும் நிலை வந்தது. பாடியவர் அதைக் காண இருக்கவில்லை. பாட்டோ அவர்களோடு கூடவே நடந்தது. உறுதிக் கடதாசியோடு ஒரே துணியிற் சுற்றப்பட்டுச் சென்றது.

போர் 2009இல் ஓய்ந்த பின்னர் காணிகள் படிப்படியாக விடுவிக்கப்பட்டபோது, அந்த முதியவரும் தம் வளவைப் பார்த்துவரச் சென்றாராம். கிணற்றுக்கட்டு மட்டும் இருந்ததாம். மாலையில் வீடு வந்து, ஒன்றும் பேசாமல், இந்த ஒலிநாடாவைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாராம். ஆச்சி இதைச் சொன்னபோதுதான் அது றங்குப்பெட்டியில் இருந்ததன் பொருள் எங்களுக்கு விளங்கிற்று.

நாம் செய்யக்கூடியது

ஒலிநாடா என்பது மெல்லிய பிளாத்திக்குச் சுருளின்மேற் பூசிய இரும்புத்துகள். நம் நாட்டு வெப்பமும் ஈரமும் அதற்குப் பெரும்பகை. பூஞ்சணம் பிடிக்கும், பூச்சு உதிரும், உதிர்ந்த இடத்திலிருந்த சொல் என்றென்றைக்கும் போய்விடும். யாழ்ப்பாணத்து வீடுகளிலும், நம்மவர் குடியேறியுள்ள நாடுகளின் வீடுகளிலும் இத்தகைய பெட்டிகள் இன்னும் திறவாமற் கிடக்கக்கூடும். அவற்றுள் ஒரு தவிற் கச்சேரி இருக்கலாம். ஒரு நாட்டுக்கூத்து இருக்கலாம். இறந்துபோன பாட்டியின் தாலாட்டும் இருக்கலாம். பிள்ளைகள் அவற்றைத் தேடி எடுத்து, தூசு துடைத்து, கணினியிற் பதிந்து காத்தல் வேண்டும். நம்மவர் நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிம முறையிற் பேணிவரும் நூலக நிறுவனம் போன்றன 2005ஆம் ஆண்டு முதல் இத்துறையில் வழிகாட்டி வருகின்றன. வீட்டுக்குள் இருப்பதை எடுத்துக் கொடுப்பது நம் கடன்.

அதற்கு முன், ஒருமுறை எல்லோரும் கூடியிருந்து கேளுங்கள். இக்காலத்திலே காதிற் கருவியைச் செருகித் தனித்தனியே இசை கேட்கின்றோம். அதிற் குற்றமில்லை. ஆனால், வைரமுத்துவின் பாட்டு மூன்று தலைமுறையும் ஒரு கூடத்தில் இருந்து கேட்கவேண்டிய பாட்டு. பேரன் இசையைக் கேட்பான். மகள் சொல்லைக் கேட்பாள். ஆச்சி அவை இரண்டுக்கும் அப்பால் எதையோ கேட்பார்.

அன்றைய தினம் ஒலிநாடா முடிவு வரை செல்லவில்லை. சந்திரமதி பிள்ளையைக் கிடத்திவிட்டு, கொடுக்கப் பணமில்லை என்று நிற்கின்றாள். காவற்காரன் ஏதோ சொல்ல வாயெடுக்கின்றான். அவ்வளவில் ‘டக்’ என்று நின்றுவிட்டது. மறுபக்கத்தில் வேறெதுவும் பதியப்படவில்லை.

“பிறகு என்ன நடக்கும், ஆச்சி?” என்றான் பேரன்.

“பிள்ளை எழும்புவான், மோனை. சிவபெருமான் வருவார். ராச்சியமும் திரும்பக் கிடைக்கும்,” என்ற ஆச்சி, நாடாவைக் கையில் வாங்கி, முன்பிருந்த துணியிலேயே சுற்றினார். “உன்ரை அப்பப்பா அந்தப் பகுதியைப் பதிஞ்சு தரட்டோ எண்டு கேட்டவையிட்டையும் வேண்டாமெண்டிட்டார். ‘எனக்கு இவ்வளவும் காணும்’ எண்டவர்.”